பைரப்பா மறைந்த அன்று எங்கள் குடும்பக் குழுவில்

24 செப்டம்பர் 2025, புதன்

பெரியப்பா (மல்லேஸ்வரம்), மாலை 4.35:
கன்னட நாவலாசிரியர் எஸ்.எல். பைரப்பா இன்று பிற்பகல் நம் பெங்களூரிலேயே காலமாகிவிட்டார். 94 வயது. கன்னடம் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் இங்கே வேலைக்கு வந்த நான், பேருந்துப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் பழகிய பிறகு முழுதாகப் படித்து முடித்த முதல் நாவல் அவருடைய 'வம்சவிருட்சம்'. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்த காலம் அது.

அத்தை (அல்சூர்), 4.52:
மனம் கனத்துப் போயிற்று அண்ணா. நான் அவரைத் தமிழில்தான் படித்திருக்கிறேன். 'கிருஹபங்க' நாவல் 'ஒரு குடும்பம் சிதைகிறது' என்று தமிழில் வந்ததே, அதில் நஞ்சம்மா, உருப்படாத கணவன் எழுத வேண்டிய ஊர்க்கணக்கைத் தானே எழுதிக்கொண்டு, புரச இலையைத் தைத்து விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறாள். நம் அம்மாவும் இலை தைத்தவள்தானே? ஈர்க்குக் கீறிய விரல்களோடு அவள் மோர்ச்சோறு பிசையும்போது உப்புப் பட்டு எரியும், கையை உதறிவிட்டு மறுபடி பிசைவாள். பிளேக்கில் பிள்ளைகள் அடுத்தடுத்துப் போகும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் திறந்தேன். அவருடைய தாயும் உடன்பிறந்தவர்களும் பிளேக்கில் போனவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சித்தப்பா (ஜயநகர்), 5.10:
இன்று குறை சொல்லக் கூடாது என்பீர்கள். ஆனால் வெறும் கும்பிடு போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதே கைதான் 2007இல் 'ஆவரண'வையும் எழுதியது. இஸ்லாத்துக்கு மாறி மணந்த ஒருத்தி, தந்தை இறந்தபின் ஊருக்குத் திரும்பி, அவர் சேர்த்துவைத்த நூல்களைப் படித்து வரலாற்றை எழுதத் தொடங்குகிறாள். கதைக்குள்ளேயே ஆதார நூல்களின் பட்டியலும் வருகிறது. பட்டியல் நீளம்தான், எதிர்த்தரப்புப் பாத்திரங்களுக்கு மட்டும் மூச்சுவிட இடமில்லை. தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சிகளைக் கூப்பிடும் வழக்கை நாவல் என்று எப்படிச் சொல்வது?

பெரியப்பா, 5.18:
கன்னட எழுத்தாளர் யு.ஆர். அனந்தமூர்த்தியும் இதைத்தான் சொன்னார், பைரப்பா வாதாடத் தெரிந்தவர், நாவல் எழுதத் தெரியாதவர் என்று. அந்தப் புத்தகம் பதிப்புக்குமேல் பதிப்பாக விற்றதே, வாங்கியவர்கள் எல்லாம் ஏமாளிகளா?

சித்தப்பா, 5.21:
பட்டாசும்தான் விற்கிறது அண்ணா. 2014இல் அனந்தமூர்த்தி இறந்தபோது அவர் அரசியலைப் பிடிக்காத சிலர் அதை வாங்கி வெடிக்கவும் செய்தார்கள்.

பெரியப்பா, 5.40:
அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அரசியலில் பைரப்பா பக்கம் நான் ஒருநாளும் நின்றதில்லை என்பது உனக்கே தெரியும்.

தம்பி (ஒயிட்ஃபீல்ட்), 5.47:
பெரியப்பா, 1972இல் 'வம்சவிருட்ச'த்தைப் பி.வி. காரந்தோடு சேர்ந்து படமாக இயக்கிய கிரீஷ் கர்னாட்தான் 2006இல் திப்பு சுல்தான் விவாதத்தில் இவரை எதிர்த்து எழுதினார். ஆள் பிடிக்காமல் போனதால் பழைய படத்தை யாரும் எரிக்கவில்லையே.

நான், 6.15:
எனக்குப் பைரப்பா என்றால் 'பருவம்'தான். பாவண்ணன் மொழிபெயர்த்த அந்தத் தடித்த புத்தகத்தைப் படுத்துக்கொண்டு படித்தால் மார்பு வலிக்கும். வரமும் சாபமும் தெய்வமும் இல்லாத மகாபாரதம் அது. குந்தியும் திரௌபதியும் தங்கள் உடம்பு பட்ட பாட்டை ஒளிக்காமல் நினைத்துப் பார்க்கிறார்கள், குருக்ஷேத்திரத்தில் சங்கநாதத்தைவிடப் பிணவாடையும் மலநாற்றமும் சோற்றுத் தட்டுப்பாடும்தான் முன்னால் நிற்கின்றன. 1979இல் பாண்டவர், கௌரவர் என்று பார்க்காமல் இரு தரப்பையும் ஒரே வெயிலில் நிறுத்தியவர், பின்னாளில் ஒரு தரப்புக்கு மட்டும் ஏன் நிழல் கொடுத்தார் என்பதுதான் என் வருத்தம். பலவீனமான எழுத்தாளர் என்றால் இவ்வளவு கோபம் வராது, சித்தப்பா.

சித்தப்பா, 6.22:
அப்படிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 'ஆவரண'வுக்கு முன்னால் அவர் எழுதியதை நான் அதிகம் படித்ததில்லை.

அத்தை, 6.23:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

25 செப்டம்பர், வியாழன்

பெரியப்பா, பிற்பகல் 1.05:
ரவீந்திர கலாக்ஷேத்திரத்தில் அஞ்சலி செலுத்திவிட்டு வந்தோம். ஜயநகர்த் தம்பியும் கூட வந்தான், நான் அழைக்கவில்லை. வரிசையில் வாயே திறக்கவில்லை. வெளியே காபி குடிக்க உட்கார்ந்ததும் 'ஆவரண'வை மறுபடி எடுத்துவிட்டான், காபி ஆறிப் போயிற்று.

சித்தப்பா, 1.12:
அண்ணன் பாதியைத்தான் சொல்கிறார். குரலை உயர்த்தியவர் அவர். அது இருக்கட்டும் அக்கா, அந்த 'ஒரு குடும்பம் சிதைகிறது' உங்களிடம் இன்னும் இருக்கிறதா?

அத்தை, 1.20:
இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள். பிளேக் வரும் பக்கத்தின் முனையை மடித்து வைத்திருக்கிறேன், அதை நிமிர்த்திவிடாதே.