ஆன்லைன்ல காட்டுற வீட்டு மதிப்பை எவ்வளவு நம்பலாம்? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி அனுபவப் பகிர்வு

ராயக்கோட்டை ரோடு:
தெருப் பேரும் சதுர அடியும் போட்டா வீட்டு மதிப்பு சொல்ற வெப்சைட்டுகள் இப்ப நிறைய இருக்கு. ஒரே வீட்டுக்கு ரெண்டு தளம் ரெண்டு விலை காட்டுது, பேங்க் இன்ஜினியர் மூணாவதா ஒண்ணு சொல்றார். மதிப்பீடு, பத்திரம், கட்டட வேலையில இருக்கிறவங்க, இந்தப் பக்கம் எங்க எப்படி தப்புதுன்னு விவரமா சொல்லுங்க.

மதிப்பீட்டாளர், ஓசூர்:
சார், பெரும்பாலும் தப்பு பெருக்கல்லயே வருது. ஏரியாவோட சதுர அடி ரேட்டை எடுத்து நீங்க போட்ட கட்டடப் பரப்பால பெருக்கிடுறாங்க. அபார்ட்மென்டுக்கு அது ஓரளவு ஒத்துவரும். தனி வீட்டுக்கு மண்ணைத் தனியா, கட்டடத்தைத் தனியா போட்டாத்தான் சரியா வரும்.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்குங்க. 30க்கு 40 சைட், 1,200 சதுர அடி. மனை ரேட் 3,000ன்னா மண் மட்டும் 36 லட்சம். கீழ 850, மாடி 850, ஆக 1,700 சதுர அடி கட்டடம். இன்னைக்குப் புதுசா கட்ட சதுர அடிக்கு 2,100 ஆகும்னா 35.70 லட்சம். வீட்டுக்கு வயசு 18. ஆயுள் 60 வருஷம், கடைசியில மிஞ்சுற மதிப்பு 10 சதவீதம்னு வெச்சா தேய்மானம் 18/60 × 90, அதாவது 27 சதவீதம். கழிச்சா கட்டடம் 26.06 லட்சம். மண்ணும் சேர்த்து 62.06 லட்சம்.

அந்த ஏரியாவுக்குத் தளம் 5,000 ரேட் வெச்சிருந்தா 1,700 × 5,000 = 85 லட்சம்னு காட்டும். கிட்டத்தட்ட 23 லட்சம் கூடுதல். இதே சைட்ல மாடி இல்லைன்னு வைங்க. தளம் 42.50 லட்சம் சொல்லும். மண் 36, கட்டடம் 13.03, ஆக நிஜத்துல 49.03 லட்சம். இப்ப ஆறரை லட்சம் குறைச்சல். ஒரே சூத்திரம் மாடி வீட்டை ஏத்துது, தரைத்தள வீட்டை இறக்குது. பழைய தரைத்தள வீடு விற்கிறவங்க அந்த நம்பரைப் பார்த்து விலை பேசினா நஷ்டம் அவங்களுக்குத்தான்.

தேய்மானக் கணக்கும் முழுசாச் சொல்லாது. சன்ஷேடு ஓரத்துல கான்கிரீட் பிளந்து துருக் கம்பி தெரியுதா, பாத்ரூமுக்கு அடியில வர்ற சீலிங்ல வெள்ளை உப்புப் பூத்திருக்கான்னு நேர்ல நின்னு பார்க்கணும். ரெண்டும் இருந்தா வயசுக் கழிவுக்கு மேல தனியாக் கழிப்பாங்க. தளத்துக்குத் தெரிஞ்சது நீங்க டைப் பண்ணின வயசு மட்டும்தான்.

மத்திகிரி:
ஓசூர்ங்கிற பேரே ஒரு சிக்கல். சூளகிரி, பேரிகை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போடுற மனை விளம்பரம்கூட "ஓசூர்"னு ஏறுது. இன்னொரு பக்கம் ஜூஜூவாடி தாண்டினா அத்திப்பள்ளி, கர்நாடகா. மேப்ல வட்டம் போட்டு சராசரி எடுத்தா எல்லைக்கு அந்தப் பக்க ரேட்டும் கலந்துடும். அதோட, இதெல்லாம் கேட்கிற விலை. ஒரே சைட்டை நாலு புரோக்கர் போட்டா நாலு மனையாக் கணக்காகும். 2024 ஜூன்ல ஓசூர் விமான நிலையம் அறிவிச்ச மாதிரி ஒரு சேதி வந்தா கேட்கிற விலை மறுநாளே மாறும். கைமாறுற விலை அந்த வேகத்துல மாறாது.

ஆவண எழுத்தர், கிருஷ்ணகிரி:
பதிவான விலையை வெச்சுக் கணக்குப் போடுற தளமா இருந்தாலும் கவனம் வேணும். நம்ம ஊர்ல நிறைய கிரயம் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு தெருவாரியா, சர்வே எண்வாரியா நிர்ணயிக்கிற மதிப்பு) ஒட்டியே எழுதப்படுது. அந்த வழிகாட்டி மதிப்பை 2017 ஜூன் 9ல 33 சதவீதம் குறைச்சாங்க, 2023 ஏப்ரல் 1ல பழைய நிலைக்கு ஏத்தினாங்க, 2024 ஜூலை 1ல திரும்ப சீரமைச்சாங்க. சந்தை அசையாத தெருவுலகூடப் பத்திரத்தொகை அந்தத் தேதிகள்ல குதிச்சிருக்கும். மெஷின் அதை விலையேற்றம்னு படிச்சுக்கும்.

கைமாறின விலையை நெருங்க ஒரு வழி இருக்கு. பதிவுத்துறை தளத்துல வில்லங்கச் சான்றை, அதாவது ஒரு சொத்து மேல பதிவான கிரயம், அடமானப் பட்டியலை, பார்வையிடக் காசு இல்லை. சார்பதிவகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்து உங்க இடத்துக்கும், அக்கம்பக்கத்து எண்களுக்கும் தனித்தனியா எடுங்க. ஒவ்வொரு பதிவுலயும் "கைமாற்றுத் தொகை", "சந்தை மதிப்பு"ன்னு ரெண்டு தொகை இருக்கும். ரெண்டும் ஒண்ணாவே இருந்தா அது வழிகாட்டிக்கு எழுதினதுன்னு எடுத்துக்கலாம்.

அப்புறம் அடுத்த வரியைப் பாருங்க. கிரயம் ஆவண எண் 1452, உடனே 1453ல "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு"ன்னு வந்தா, வாங்கும்போதே பேங்க் லோன் போட்டிருக்காங்க. அதுல இருக்கிற தொகை கடன் தொகை. ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக் கடன் 30 லட்சம் வரை மதிப்புல 90 சதவீதம், 30க்கு மேல 75 வரை 80 சதவீதம், அதுக்கு மேல 75 சதவீதம்தான் தரலாம். 40 லட்சம் கடன் இருந்தா பேங்க் அந்தச் சொத்தைக் குறைஞ்சது 50 லட்சத்துக்கு மதிச்சிருக்கு. கிரயத்தொகை 22 லட்சம்னு இருந்தாலும் நீங்க 50ஐ வெச்சுத்தான் யோசிக்கணும். காலி மனை வாங்கி வீடு கட்ட எடுத்த கடன்னா கட்டுமானச் செலவும் அதுல சேர்ந்திருக்கும், அதை ஒப்பிடாதீங்க.

வாங்குறவங்க முத்திரைத்தாள் 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தை மறக்க வேண்டாம். தளம் காட்டுற மதிப்புல இது பெரும்பாலும் சேராது.

பென்னாகரம் ரோடு, தருமபுரி:
எங்க பக்கம் பேச்சு சென்ட்ல, பட்டா ஹெக்டேர்–ஏர்ல, வெப்சைட் சதுர அடியில. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 5 சென்ட்னா 2,178. இதை ரவுண்டா 2,400ன்னு போட்டா இல்லாத 222 சதுர அடி மண்ணுக்கு விலை வந்துடும். பட்டாவுல 0.02.00ன்னு இருந்தா 2 ஏர், 200 சதுர மீட்டர், 2,153 சதுர அடி. பத்திரத்துல 5 சென்ட், பட்டாவுல 4.94 சென்ட்னு வர்றது இங்க சாதாரணம். எஃப்எம்பி வரைபடத்தோட (சர்வே எண்ணோட எல்லை அளவு காட்டுற அரசு நில வரைபடம்) வெச்சு டேப் பிடிச்சு அளந்த பரப்பைத்தான் போடணும்.

வழியும் அப்படித்தான். நேர்ல 20 அடி மண் ரோடு தெரியும், வரைபடத்துல வண்டிப்பாதையே இருக்காது, பக்கத்துக் காட்டுக்காரர் விட்ட வழியா இருக்கும். அவர் வேலி போட்டா மனை விலை பாதியாகும். அங்கீகாரம் இல்லாத மனையில பேங்க் கடன் கிடைக்காது, வாங்க வர்றவங்க கையில முழுப் பணம் வேணும், அதனால விலை இறங்கும். இது ரெண்டையும் கேட்காமலேதான் மதிப்பு வருது.

தண்ணி இன்னொண்ணு. தருமபுரி நிலத்தடி நீர்ல ஃப்ளூரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். ஒகேனக்கல் குழாய் வீட்டு வாசல்வரை இருக்கிற தெருவும், போரை மட்டும் நம்பியிருக்கிற தெருவும் ஒரே விலைக்குப் போகாது. மேப்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துத் தெரு.

காவேரிப்பட்டணம்:
அமெரிக்காவுல ஆன்லைன்ல வீட்டு மதிப்பு சொல்ற ஜில்லோ கம்பெனி தன்னோட கணிப்பு எவ்வளவு தப்புதுன்னு தானே வெளியிடுது. விற்பனைக்கு வந்த வீட்டுக்கு இடைநிலைப் பிழை (மீடியன்) சுமார் 2 சதவீதம், வராத வீட்டுக்குச் சுமார் 7. அதாவது பாதி வீடுகள் அதுக்கும் மேல தப்புது. நிறைய மாநிலங்கள்ல நிஜ விற்பனை விலை பதிவேட்டுலயே கிடைக்கிற நாட்டுல இந்த நிலை. அதே கம்பெனி வீடுகளைத் தானே வாங்கி விற்ற தொழிலை 2021 நவம்பர்ல நிறுத்திடுச்சு, வீட்டு விலையைச் சரியாக் கணிக்க முடியலைன்னு காரணம் சொன்னாங்க. இங்க இருக்கிற தளங்கள்ல பிழை அளவு போட்டிருக்கான்னு முதல்ல தேடுங்க.

ராயக்கோட்டை ரோடு:
எல்லாருக்கும் நன்றிங்க. ஆவண எழுத்தர் அண்ணாகிட்ட ஒண்ணு மட்டும்: வில்லங்கம் எத்தனை வருஷத்துக்குப் போடணும்?

ஆவண எழுத்தர், கிருஷ்ணகிரி:
விலை பார்க்க மூணு வருஷம் போதும், அதுக்கு முந்தின விலை இன்னைக்கு உதவாது. வாங்கப்போற சொத்துக்கு மட்டும் 30 வருஷம் தனியாப் போடுங்க. உட்பிரிவு ஆன எண்ணுன்னா, 124/2A மாதிரி, உட்பிரிவுக்கு முன்னாடி இருந்த 124/2க்கும் சேர்த்துப் போடணும். பழைய அடமானம் அங்கதான் நிற்கும்.