வீட்டுப் பார்வையின்போது ஆன்மிகத் தேவைகளை எப்படிக் கேட்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. வலி தணிப்பு சிகிச்சை தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். நர்ஸோடு வீடு வீடாகப் போவதுதான் வேலை.

எங்கள் படிவத்தில் 'மதம்' என்று ஒரு கட்டம் உண்டு, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் எழுகிற கேள்விகள் அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. புற்றுநோய் முற்றிய ஓர் அம்மா, "நான் என்ன பாவம் பண்ணினேன், சொல்லும்மா" என்று கையை விடாமல் கேட்கிறார். கடவுளே இல்லை என்று வாழ்ந்த ஐயா ஒருவர், பேச்சு அறுந்துபோன தம்பியை ஒருதடவை பார்த்தால் போதும் என்கிறார். என் கணக்கில் இரண்டுமே ஆன்மிகத் தேவைதான். இந்தச் சிகிச்சைக்கு வழிகாட்டிய பிரிட்டிஷ் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் சொன்ன 'முழு வலி'யில் (உடல், மனம், சமூகம், ஆன்மிகம் எல்லாம் சேர்ந்த வேதனை) இதுவும் சேர்த்தி. வலி தணிப்பு சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2002-இல் தந்த வரையறையிலும் இருக்கிறது.

மேலிடமோ, "மதப் பிரச்சாரம் என்று பேர் வந்துவிடும், வேண்டாம்" என்கிறது. அந்தப் பயம் நியாயம்தான். சம்மதம் கேட்காமலே பிரார்த்தனையைத் தொடங்கிவிடும் தன்னார்வலர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நோயாளியின் நம்பிக்கைகளை விசாரிக்க 1996-இல் அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி உருவாக்கிய ஃபிகா (FICA) கேள்விகள் டாக்டர் அறைக்குச் சரி. மருமகளும் பக்கத்து வீட்டுக்காரரும் சுற்றி நிற்கும் திண்ணையில் அவற்றை எப்படிக் கேட்பது?

உங்கள் நிறுவனத்தில் யார் கேட்கிறார்கள், நர்ஸா, நாமா? முதல் சந்திப்பிலேயேவா? கேஸ் ஷீட்டைக் குடும்பத்தாரும் படிப்பார்களே, அதில் எவ்வளவு எழுதுவீர்கள்? அப்புறம், தன்னார்வலர்களுக்கு எழுத்தில் விதிமுறை வைத்திருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அடுத்த கூட்டத்தில் காட்டத்தான். நோயாளிகளின் பெயர் இருந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள்.