3.55-ஐக் கழற்றிவிட்டு 4.10 கிரவுன் பினியன் போட்டால் வண்டி உண்மையிலேயே வேகமாகுமா?

ஐந்தாம்கியர்:
வணக்கம் நண்பர்களே. என் வண்டி பின்சக்கர இயக்கம், ஐந்து கியர் மேனுவல், 2 லிட்டர் பெட்ரோல், டர்போ இல்லை. கியர் விகிதங்கள் 3.50, 2.05, 1.35, 1.00, 0.85. டிஃபரன்ஷியல் 3.55, அதாவது பின் அச்சுக்கு வரும் தண்டு 3.55 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டயர் 195/65 ஆர்15. அதிகபட்ச டார்க் (முறுக்கு விசை) 200 நியூட்டன் மீட்டர், எடை 1300 கிலோ. ஓட்டுவதில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலைதான். 80-ல் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் போகும் லாரியை முந்தலாம் என்று மிதித்தால் ஐந்தாவது கியரில் ஒன்றுமே நடப்பதில்லை. 4.10 மாற்றினால் பிக்கப் வரும் என்கிறார்கள். மாற்றலாமா?

பினியன்பல்:
தயங்காமல் மாற்றுங்கள். 4.10-ஐ 3.55-ஆல் வகுத்தால் 1.155, அதாவது எல்லாக் கியரிலும் சக்கரத்துக்குப் போகும் டார்க் பதினைந்தரை சதவீதம் கூடும். முதல் கியரில் இப்போது 200 × 3.50 × 3.55 = 2485 நியூட்டன் மீட்டர், மாற்றினால் 2870. எஞ்சினில் கை வைக்காமல் இவ்வளவு இழுவை வேறு எந்த வேலையிலும் கிடைக்காது. நான் என் வண்டியில் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், க்ளட்சை விட்ட உடனேயே வித்தியாசம் தெரிந்தது.

பழையபட்டறை:
பேசுவதற்கு முன்னால் ஒரு சின்னத் திருத்தம், இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். விகிதம் என்பது டிஃபரன்ஷியலுக்கு உரியதல்ல, அதற்கு முன்னால் இருக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்கும் அதைச் சுற்றவைக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்துக்கும் உரியது. டிஃபரன்ஷியலின் வேலை, வளைவில் இரண்டு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது மட்டும்தான். 4.10 என்றால் கிரவுனில் 41 பல், பினியனில் 10. உங்கள் 3.55 பெரும்பாலும் 39-க்கு 11 ஆக இருக்கும். ஏன் முழு எண்ணாக 4.00 வைப்பதில்லை என்று கேட்டால், 40-க்கு 10 என்று வைத்தால் பினியனின் ஒரு பல் கிரவுனில் அதே நான்கு பற்களை மட்டுமே திரும்பத் திரும்பச் சந்திக்கும், ஒரு பல்லில் குறை இருந்தால் அந்த இடமே தேய்ந்துகொண்டிருக்கும். 41-க்கும் 10-க்கும் பொது வகுஎண் இல்லாததால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடும் சேரும், தேய்மானம் பரவும்.

காற்றுத்தடை:
பினியன்பல் சொன்ன பெருக்கல் சரி, ஆனால் பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறார். டார்க் எல்லாக் கியரிலும் கூடுகிறது என்றால் எல்லாக் கியரின் வேகமும் அதே அளவு குறைகிறது. எஞ்சின் 6500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 6500 சுற்று) வரை போகும் என்று வைத்துக்கொள்வோம். இந்த டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.99 மீட்டர். இப்போது இரண்டாவது கியர் சுமார் 107 கிலோமீட்டர் வேகம் வரை இழுக்கும். 4.10 போட்டால் 93-லேயே முடிந்துவிடும், மூன்றாவதுக்கு மாற்றியே ஆக வேண்டும். அந்த 93-லிருந்து 107 வரை பாருங்கள்: பழைய வண்டி இன்னும் இரண்டாவதில், மொத்த விகிதம் 2.05 × 3.55 = 7.28. புதிய வண்டி மூன்றாவதில், 1.35 × 4.10 = 5.54. அந்த இடத்தில் இழுவை அதிகம் யாருக்கு? பழைய வண்டிக்குத்தான். போதாததற்கு 0-100 ஓட்டத்தில் ஒரு கியர் மாற்றம் கூடுதல், அதிலேயே அரை நொடி போகும்.

பினியன்பல்:
அது நியாயமான ஒப்பீடு இல்லை. 100-ல் இரண்டாவது கியரில் எஞ்சின் 6100-ல் சுற்றுகிறது, டர்போ இல்லாத எஞ்சினில் அந்த இடத்தில் டார்க் விழ ஆரம்பித்திருக்கும். மூன்றாவதில் 4600, அங்கே டார்க் நிரம்பி இருக்கும். 7.28-க்கும் 5.54-க்கும் உள்ள வித்தியாசம் அப்படியே சக்கரத்துக்கு வராது.

காற்றுத்தடை:
ஒப்புக்கொள்கிறேன், அப்படியே வராது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டியைத் தள்ளும் விசை, அந்த நொடியில் எஞ்சின் தரும் குதிரைத்திறனை அந்த வேகத்தால் வகுத்தால் வருவது. டார்க் சற்று விழுந்திருந்தாலும் 6100-ல் திறன் 4600-ஐ விட அதிகம், ஆகவே பழைய வண்டிதான் முன்னால். நான் சொல்ல வருவது இதுதான்: கிரவுன் பினியன் புதிதாகத் திறன் எதையும் உண்டாக்குவதில்லை. ஒவ்வொரு கியரும் எந்த வேகத்தில் தொடங்கி எந்த வேகத்தில் முடிகிறது என்பதை நகர்த்துகிறது, அவ்வளவுதான். சில வேகங்களில் லாபம், சில வேகங்களில் நட்டம்.

முதல் கியரையும் விடக்கூடாது. எஞ்சினும் அதன் கனத்த சக்கரமான ஃப்ளைவீலும் வேகம் கூடுவதை எதிர்க்கும் சுற்றும் நிலைமம் இருக்கிறதே, அது சக்கரத்தில் மொத்த விகிதத்தின் வர்க்கமாகத் தெரியும். 0.15 கிலோகிராம் சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 3.55-ல் முதல் கியரில் அது 230 கிலோ கூடுதல் எடை ஏற்றியதற்குச் சமம். 4.10-ல் ஏறக்குறைய 307 கிலோ. பதினைந்தரை சதவீத இழுவையில் ஒரு பங்கு எஞ்சினையே வேகமாகச் சுற்றவைக்கப் போய்விடும், வண்டிக்கு மிஞ்சுவது பத்து சதவீதம் அளவுதான். அந்தப் பத்தும் டயர் பிடித்தால்தான். 2485 நியூட்டன் மீட்டரை டயரின் ஆரம் 0.317 மீட்டரால் வகுங்கள், 7800 நியூட்டனுக்கு மேல் வருகிறது. வழியில் கொஞ்சம் வீணானாலும், 1300 கிலோ வண்டியின் பின் டயர்கள் காய்ந்த சாலையில் தாங்குவதே கிட்டத்தட்ட 7000. இப்போதே எல்லையில் நிற்கிறீர்கள்.

மலைப்பாதை:
ரெண்டு பேருமே 0-100 பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கேட்டவர் பந்தயம் ஓட்டவில்லை. முழு ஆக்ஸிலரேட்டரில் முதல் கியர் மாதத்துக்கு எத்தனை தடவை? நான் 4.10 ஆதரவாளன்தான், ஆனால் காரணம் வேறு. என் நான்கு சக்கர இயக்க வண்டிக்கு 31 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 போட்டேன். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், அதனால் 4.10 இருந்தது 3.85 போல ஆகிவிட்டது. மேட்டில் சுமையோடு கிளம்ப க்ளட்சை வைத்தே இழுக்க வேண்டியிருந்தது, ஒரு க்ளட்ச் தட்டு அதிலேயே கருகியது. பழைய நிலைக்கு வர 4.36 வேண்டும், அருகில் கிடைத்தது 4.56, அதைப் போட்டேன். இப்போது முதல் கியரில் நடக்கும் வேகத்தில் பாறை மேல் ஏற முடிகிறது. முன்னும் பின்னும் இரண்டையும் மாற்ற வேண்டும், அதில் மட்டும் சோம்பல் கூடாது. வேறு வேறு விகிதத்தில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொண்டு உடையும்.

காற்றுத்தடை:
அது சரியான காரணம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. டயர் மாறிவிட்டது, விகிதத்தைத் திரும்பக் கொண்டுவந்தீர்கள். இங்கே டயர் மாறவில்லை.

நெடுஞ்சாலையைப் பாருங்கள். 100-ல் சக்கரம் நிமிடத்துக்கு 836 சுற்று. ஐந்தாவதில் 3.55-க்கு 2520 ஆர்பிஎம், 4.10-க்கு 2910. காற்றையும் டயர் உருளும் தடையையும் வெல்ல இந்த அளவு காருக்கு ஏறக்குறைய 12 கிலோவாட் போதும், எந்த கிரவுன் பினியன் போட்டாலும் அதே 12-தான். 2520-ல் அதைத் தர எஞ்சின் 45 நியூட்டன் மீட்டர் உழைக்கிறது, 2910-ல் 39. பெட்ரோல் எஞ்சினுக்குச் சுமை குறைந்து சுற்று கூடுவதுதான் பிடிக்காத நிலை. எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் இன்னும் மூடிக்கொள்ளும், மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை உறிஞ்சவே சக்தி வீணாகும், உள் உராய்வும் கூடும். மைலேஜ் குறையும். அதைவிட எனக்குப் பெரியதாகத் தோன்றுவது சத்தம். நான்கு மணி நேரம் தொடர்ந்து அந்த 400 சுற்று கூடுதலாகக் காதில் விழுவது பயணத்தையே மாற்றிவிடும்.

பினியன்பல்:
சத்தம் அவரவர் காது. ஆனால் இப்போதைய நிலையில் ஐந்தாவது கியர் பேருக்குத்தான் இருக்கிறது. சின்ன மேடு வந்தாலும் திணறுகிறது, நான்காவதுக்கு இறங்க வேண்டும். பயன்படாத ஒரு கியரை எதற்குச் சுமக்க வேண்டும்? 4.10 போட்டால் ஐந்தும் உயிரோடு இருக்கும். எட்டு கியர் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை புரியாது.

பழையபட்டறை:
எட்டு கியர் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. இந்தச் சண்டையே கியர்கள் குறைவாக இருந்த காலத்தில் பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்60ஈ நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 3.06, கடைசி 0.70. இசட்எஃப் 8ஹெச்பி45-ல் முதல் 4.714, எட்டாவது 0.667. பின்னதற்கு 3.15 கிரவுன் பினியன் போட்டால் கிளம்பும்போது மொத்தம் 14.85, டாப் கியரில் 2.10. அதே 14.85-ஐ நான்கு கியர் பெட்டியில் கொண்டுவர 4.85 கிரவுன் பினியன் வேண்டும், அப்போது டாப் கியர் 3.40-ல் போய் நிற்கும், நெடுஞ்சாலையில் எஞ்சின் கதறும். கியர்பெட்டி அகலமாக விரிந்த பிறகு, கிளம்பும் இழுவையா ஓடும் அமைதியா என்று ஒன்றை மட்டும் பிடிக்க வேண்டிய தேவை பெரிய அளவில் போய்விட்டது. ஐந்து கியர்காரர்களுக்குத்தான் இன்னும் அந்தக் கஷ்டம்.

மின்சாரக் காரில் இது வேறு வடிவத்தில் வருகிறது. டெஸ்லா மாடல் எஸ் ஒரே விகிதத்தில் ஓடியது, 9.73. நின்ற இடத்திலிருந்தே மோட்டார் முழு டார்க்கும் தருவதாலும், எஞ்சினை விட மிக அதிகமான சுற்று போவதாலும் அது முடிகிறது. அப்படியிருந்தும் போர்ஷே டைகானின் பின் மோட்டாருக்கு இரண்டு கியர் வைத்தார்கள், கிளம்ப ஒன்று, வேகத்தில் ஓட ஒன்று.

ஐந்தாம்கியர்:
இவ்வளவு விளக்கியதற்கு நன்றி. எனக்குக் கணக்கு புரிகிறது, ஆனால் ஓட்டினால் எப்படி இருக்கும் என்றுதான் மனசுக்குப் பிடிபடவில்லை. போட்ட பிறகு பிடிக்கவில்லை என்றால் திரும்பக் கழற்ற வேண்டும்.

காற்றுத்தடை:
கழற்றாமலே பார்க்கலாம். உங்கள் நான்காவது கியர் 1.00, அதை 3.55-ஆல் பெருக்கினால் 3.55. 4.10 போட்ட பிறகு ஐந்தாவது 0.85 × 4.10 = 3.485. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு வாரம் நெடுஞ்சாலையில் ஐந்தாவதைத் தொடாமல் நான்காவதிலேயே ஓட்டுங்கள். அந்தச் சத்தம், அந்த மைலேஜ், அந்த பிக்கப், மூன்றும்தான் 4.10-ன் ஐந்தாவது கியர். லாரியை முந்தும்போது அது போதும் என்றால், அதற்கு உங்கள் கையே போதும், ஒரு கியர் இறக்கினால் முடிந்தது.

பழையபட்டறை:
நல்ல யோசனை. மாற்றுவதாகவே முடிவானால் இதையும் மனதில் வையுங்கள்: பினியன் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்து, பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்த்து, தொடும் தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்காமல் மூடக்கூடாது. அவசரத்தில் மூடிய ஒரு வண்டி 70 வேகத்தில் ஊளையிட்டுக்கொண்டே என்னிடம் வந்தது, உள்ளே பல் ஓரம் தின்று போயிருந்தது. புதிய செட் முதல் சில நூறு கிலோமீட்டர் சூடாகும், சுமை ஏற்றாமல் ஓட்டி எண்ணெயை மாற்றிவிடுங்கள். ஸ்பீடோமீட்டர் கியர்பெட்டியின் வெளிவாயிலில் இருந்து எடுக்கும் வண்டி என்றால் பதினைந்தரை சதவீதம் கூட்டிக் காட்டும், ஓடிய தூரமும் அப்படியே. அதையும் திருத்த வேண்டும்.

பினியன்பல்:
நான்காவது கியர் சோதனை டாப் கியருக்கு மட்டும்தான் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். ஒன்றாவது, இரண்டாவதில் வரும் சுறுசுறுப்பை அந்தச் சோதனை காட்டாது. நெரிசலில் நின்று நின்று போகும்போது அதுதான் ஓட்டுகிற சுகம். அந்த விஷயத்தில் என் கருத்தில் மாற்றமில்லை.

ஐந்தாம்கியர்:
ஒரு வாரம் நான்காவதிலேயே ஓட்டினேன். லாரியை முந்துவது நன்றாகவே இருந்தது, அதில் பினியன்பல் சொன்னது சரி. ஆனால் 100-ல் மூன்றாவது மணி நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், எனக்கும் கை தானாக ஐந்தாவதைத் தேடியது. இப்போதைக்கு 3.55 அப்படியே இருக்கட்டும் என்று நினைக்கிறேன். இடையில் 41-க்கு 11, அதாவது 3.73 ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், 100-ல் 2650 வருகிறது. அதைப் போட்டு ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

மலைப்பாதை:
என் பழைய காரில் 3.73-தான் இருந்தது. நான்கு பேரும் சுமையும் ஏற்றிக்கொண்டு நீண்ட மேட்டில் ஐந்தாவதிலேயே 80-ஐப் பிடித்து ஏறியது, காதுக்கும் தொல்லை இல்லை. ஆனால் 5 சதவீத வித்தியாசத்துக்காக மட்டும் பின் அச்சைப் பிரிக்காதீர்கள். பேரிங்கோ சீலோ போய், எப்படியும் பிரிக்கும் நாள் வரும்போது சேர்த்துப் போடுங்கள்.