நடுவுல உடம்புல மருந்து இல்லதானே?

மருந்தாளுநர், திண்டுக்கல்:

ஒரு கேள்வி போன வாரத்திலிருந்து மனசை விட்டுப் போகவில்லை. மனச்சோர்வு மாத்திரையில் ஒரு மாற்றம்: வென்லாஃபாக்சின் 75 மில்லிகிராமிலிருந்து மிர்ட்டாசபின் 15 மில்லிகிராமுக்கு. பழையதை 37.5 ஆக்கி ஏழு நாளில் நிறுத்தணும், புதியதை அன்றிரவே தொடங்கணும் என்று சீட்டில் தெளிவாக இருந்தது. அட்டையைக் கையில் வாங்கியவர், பின்னால் ஆள் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "புது மாத்திரை பிடிக்க ரெண்டு வாரம் ஆகும்னு டாக்டர் சொன்னார். பழசும் நின்னுடும். அப்ப நடுவுல உடம்புல மருந்து இல்லதானே? மச்சான் கல்யாணத்துக்கு ஒரு குவார்ட்டர் போட்டுக்கலாம்ல?"

மனசு தெளியத்தான் ரெண்டு வாரம், நாலு வாரம். மிர்ட்டாசபினின் தூக்கச் சொக்கல் முதல் ராத்திரியே வந்துவிடும். பலருக்கு 15-ல்தான் அது தூக்கல், 30-ல் குறையும். அவர் காலியாக நினைத்த அந்த வாரத்தில்தான் உடம்பில் ரெண்டு மருந்து ஓடும். குவார்ட்டர் கணக்கையும் பாருங்கள்: 180 மில்லி, 42.8 சதவீதம், அதாவது சுத்த ஆல்கஹால் 61 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். ஒன்பது மணிக்குக் குடித்தால் விடியற்காலை வரை ரத்தத்தில் இருக்கும். பத்து மணி மாத்திரை அதன் மேல்தான் ஏறும். "ஒரு சொட்டும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியாச்சு.

செவிலியர், அவசரப் பிரிவு:

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டவர். அன்றைக்கே குடியை நிறுத்திவிட்டார். அதே வாரம் பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தி வேறு மாத்திரைக்கு மாற்றியிருந்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி கொண்டுவந்தார்கள். கையில் கொடுத்த டம்ளர் தண்ணீர் பாதி கறுப்பு வேட்டியில். சுவரைக் காட்டி "எறும்பு ஏறுது, தட்டி விடுங்க" என்கிறார். வீட்டம்மா ஒரே பிடியாக, "புது மாத்திரை ஒத்துக்கல சிஸ்டர்" என்கிறார்.

நடுக்கம் ஒன்று, காரணம் மூன்று இருக்கலாம். பராக்ஸெடின் திடீரென்று நின்றால் தலைசுற்றல், குமட்டல், மண்டைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற வெட்டல் வரும். ஆனால் ஆள் தெளிவாகப் பேசுவார். இந்த மாத்திரைகள் கூட்டும் மூளை ரசாயனமான செரட்டோனின் மிகுந்தால் வயிற்றுப்போக்கு, விரிந்த கண்பாவை, காலில் துடிப்பு. பாதத்தைச் சட்டென்று மேலே மடக்கிப் பிடித்தால் அது தானாகத் தாளம் போடும். இவருக்குப் பாதம் துடிக்கவில்லை. வியர்வை, வேகமான நாடி, இல்லாத எறும்பு: குடி நின்றதால் வந்த ஜன்னி. நிறுத்திய ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும், முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், 48 முதல் 96 மணிக்குள் இந்தக் குழப்பம். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி, பிறகு நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் லோராசெபம். "கடைசியாக் குடிச்சது எப்ப?" என்று யாராவது முதலிலேயே கேட்டிருந்தால் ரெண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

சமூக மனநலப் பணியாளர்:

திண்டுக்கல் அண்ணே, சிஸ்டர் சொன்னதைப் படித்த பிறகும் "ஒரு சொட்டும் வேண்டாம்" சரி என்கிறீர்களா? கல்யாணம், காதுகுத்துக்கு மட்டும் குடிக்கிறவருக்கு அது சரியான பதில். தினமும் குடிக்கிறவர் அதைக் கேட்டு அன்றைக்கே நிறுத்தினால் மூன்றாம் நாள் சிஸ்டர் வார்டில் இருப்பார். புது மாத்திரை புப்ரோபியானாக இருந்தால் இன்னும் மோசம். அது வலிப்பு எளிதில் வரும்படி செய்யும். குடியைத் திடீரென்று விடுகிறவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

கேட்க வேண்டியவை நாலு. வாரத்தில் எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எத்தனை கட்டிங்? காலையில் கை நடுங்கி, ஊற்றினால்தான் நிற்குமா? முன்னால் எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? கடைசி ரெண்டில் ஒன்றுக்கு "ஆமா" வந்தாலும், குடியைக் குறைப்பது டாக்டர் கண்காணிப்பில்தான். மாத்திரை மாற்றத்தை அதன்பின் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, அட்டையின் பின்புறம். எஸ்சிட்டலோபிராம் 10 என்று நினைத்து வாங்குவது பல நேரம் தூக்கம் தரும் குளோனசெபம் 0.5 சேர்ந்த மாத்திரை. அப்படி ஒருவரை மனைவி எழுப்ப எழுப்ப எழவில்லை, தொண்டையில் கரகரப்பு, உதடு நீலம். "நேத்து ராத்திரி போட்ட மாத்திரைதானே, இன்னைக்கு சாயங்காலம்தானே குடிச்சார்" என்று அந்தம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். குளோனசெபத்தின் அளவு பாதியாகவே 30, 40 மணி நேரம் ஆகும்.

குடிக்கிற நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறவர்களும் நிறைய. வென்லாஃபாக்சினை ஒரு வேளை விட்டாலே பலருக்கு மறுநாள் தலைசுற்றும், அதை ஹேங்ஓவர் என்று நினைத்துத் திரும்பக் குடிப்பார்கள். டுலாக்ஸெடினுக்கு மாறுகிறவர் தொடர்ந்து அதிகமாகக் குடித்தால் கல்லீரலுக்கே சேதம் வரலாம். இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருக்கிறதா, வலிக்கு டிரமடால் போடுகிறாரா என்றும் பாருங்கள், சிஸ்டர் சொன்ன கால் துடிப்பு அங்கிருந்தும் வரும். ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு 14416 எழுதிக் கொடுங்கள். டெலி மனஸ், அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

அரசு மருத்துவமனை மருந்தகம்:

மேலே யாரும் ஃபுளூக்ஸெடினைச் சொல்லவில்லை. நம்மிடம் அதிகம் போவது அதுதான். அதை நிறுத்தி, அமிட்ரிப்டிலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரையை 25-ல் தொடங்கிய ஒருவர். பழைய மாத்திரை நின்று பத்து நாள். ரெண்டு கட்டிங் பிராந்தி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக எழுந்தவர் நிலைப்படியில் விழுந்து புருவத்தில் ஐந்து தையல். "பத்து நாள் ஆச்சே சார்" என்று மகன் கேட்டபடியே இருந்தார்.

பத்து நாள் போதாது. ஃபுளூக்ஸெடின் உடம்பில் நார்ஃபுளூக்ஸெடினாக மாறும். அது பாதியாகக் குறையவே 4 முதல் 16 நாள், முழுக்கப் போக ஐந்து வாரம் வரை. அதுவரை அமிட்ரிப்டிலினை உடைக்கும் கல்லீரல் நொதியை அது தடுத்துக்கொண்டே இருக்கும். 25 போட்டாலும் ரத்தத்தில் ஐம்பதுக்கு மேல் போட்ட மாதிரி. அமிட்ரிப்டிலின் எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கும், பிராந்தி ரத்தக்குழாயை விரிக்கும். ரெண்டும் சேர்ந்தால் நிலைப்படி வரைகூடப் போக முடியாது. டாக்டர் 10-க்கு இறக்கினார். வீட்டிலிருந்த பழைய ஃபுளூக்ஸெடின் அட்டைகளையும் திரும்ப வாங்கிக்கொண்டோம், ரெண்டும் ஒரே டப்பாவில் கிடந்தன.

மருந்தாளுநர், திண்டுக்கல்:

தினமும் குடிப்பாரா என்று கேட்கவில்லை, உண்மைதான். பில்லில் நம்பர் இருக்கிறது. கல்யாணம் வியாழக்கிழமை. இன்று சாயங்காலமே கூப்பிட்டு அந்த நாலு கேள்வியையும் கேட்கிறேன்.