மலேசியப் பத்திரிகைகள் யார் கையில், மலேசியத் தமிழரான நம் செய்தி எந்தப் பக்கத்தில்: நீங்கள் கண்டதை எழுதுங்கள்

பழைய நிருபர், கோலாலம்பூர்:

முதலாளி போன் போட்டு "இதைப் போடாதே" என்பார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் ஓர் ஆங்கில நாளிதழில் இருந்தவரை அப்படி ஓர் அழைப்பைப் பார்த்ததே இல்லை, அதற்குத் தேவையும் வரவில்லை. அன்றைக்கு மலாய் நாளிதழ் உத்துசான் மலேசியா மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ கையில், ஆங்கில நாளிதழ் தி ஸ்டார் சீனர்களின் கட்சியான ம.சீ.ச. கையில், நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அம்னோவுக்கு நெருக்கமான மீடியா பிரிமா கையில். ஆட்சியில் இருந்த கூட்டணிதான் பத்திரிகைக்கும் சொந்தக்காரர். போதாததற்கு 1984 அச்சுச் சட்டப்படி வருடா வருடம் உரிமம் புதுப்பிக்க வேண்டும் (2012இல்தான் அது மாறியது). 1987இல் எதிர்ப்பாளர்களைக் கூட்டமாகக் கைது செய்த ஒப்பராசி லாலாங் நடவடிக்கையில் ஸ்டார், சின் சியூ, வத்தான் மூன்றையும் நிறுத்தி வைத்ததைக் கண்ணால் பார்த்த மூத்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். எந்த வரியை எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2007 நவம்பர் 25, மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட இண்ட்ராப் இயக்கத்தின் பேரணி. ஜாலான் அம்பாங்கில் காந்தி படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தின் மேல் கண்ணீர்ப் புகையும் தண்ணீரும் அடித்தார்கள். பாடாங் ஜாவா மாரியம்மன் கோயிலை உடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதுவும் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் உடைத்தது. நான் பேசிய அம்மா ஒருவர் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். தோட்டத்தை விற்றபோது வெளியேற்றப்பட்டவர்கள், அடையாள அட்டை கிடைக்காத பிள்ளைகளின் அப்பாக்கள், இவர்களெல்லாம் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தது போக்குவரத்து நெரிசல், கடைக்காரர்களின் நஷ்டம், போலீஸ் அறிக்கை, அமைச்சரின் கண்டனம். அந்த அம்மா இல்லை. கோயில் அரை வரியில். கேட்டதற்குத் துணையாசிரியர் கோபப்படவே இல்லை, "தம்பி, இது நாளைக்கு மந்திரி மேசையில் இருக்கும்" என்றார், அவ்வளவுதான்.

ஈப்போ அக்கா:

நான் நூலகத்தில் வேலை பார்த்தவள், நாளிதழ்களைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டுவதுதான் வேலை. ஒரே சம்பவத்தை மூன்று மொழிப் பத்திரிகைகளில் அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா பக்கம் கம்போங் மேடானில் மலாய்க்காரர்களுக்கும் நம்மவர்களுக்கும் கலவரம், 6 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் நம்மவர்கள். நான் ஒட்டிய மலாய், ஆங்கிலத் துண்டுகளில் திரும்பத் திரும்ப ஒரு கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் நடந்த தகராறு என்ற கதைதான். அந்தப் புறம்போக்குக் குடியிருப்பில் சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. செத்தவர்களின் வீட்டுக்குப் போய் எழுதியதை நான் தமிழ்ப் பத்திரிகையில்தான் படித்தேன், அதைப் படித்த வெளியார் எத்தனை பேர் இருப்பார்கள்?

பந்திங் தோட்டத்துப் பிள்ளை:

அக்கா சொல்வது சரி, ஆனால் தமிழில் வருகிறது என்பதாலேயே நம் பக்கம் நிற்கும் என்று நம்பிவிட வேண்டாம். எங்கள் லயன் வீடுகளை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த சமயம், ஒரு தமிழ்ப் பத்திரிகை நிருபர் வந்தார். எங்கள் வீட்டில்தான் தேநீர் குடித்தார், எல்லாவற்றையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் கட்சிக் கிளைத் தலைவர் எங்களுக்கு அரிசி மூட்டை கொடுக்கிற படம் பெரிசாக, நோட்டீஸ் பற்றிக் கடைசியில் ஒரு வாக்கியம். அப்புறம் கட்சியின் எதிரணிக்கு வேண்டிய இன்னொரு பத்திரிகை எங்கள் கதையை முழுப் பக்கம் போட்டது. கம்பெனி பெயர், நஷ்டஈட்டுத் தொகை, வழக்கு எண் எல்லாம் இருந்தது. சந்தோஷப்பட்டோம். உள்கட்சிச் சண்டை ஓய்ந்ததும் அந்த நிருபர் எங்கள் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். வீடு போனபோது எழுத ஆளில்லை.

பழைய நிருபர், கோலாலம்பூர்:

தம்பி எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. சிறுபான்மைக்குச் சொந்தப் பத்திரிகை இருந்தால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். நம் கட்சித் தலைவருக்கு வேண்டியவர் கையில் பத்திரிகை இருக்கும்போது, அந்தத் தலைவர் கவனிக்காமல் விட்ட சங்கதியை அதில் எழுத முடியாது. நம் பிரச்சினைகளில் பாதி அந்த வகைதான். பேரணி சமயத்தில் அச்சு உரிமம் தேவைப்படாத மலேசியாகினி மாதிரி இணையத் தளங்களில்தான் சனங்கள் செய்தி தேடினார்கள். நாலு மாதத்துக்குள், 2008 மார்ச் 8 தேர்தலில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். 1974 முதல் அவர் வைத்திருந்த தொகுதி. பத்திரிகைகளை மட்டும் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது இடி விழுந்த மாதிரி இருந்திருக்கும், தோட்டத்து வீடுகளில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

தம்பி, அந்த ரெண்டு பத்திரிகைத் துண்டும் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் தேதியும் பக்க எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுத்துப் போடுங்கள். அக்கா, உங்கள் கோப்புகள் இப்போது எங்கே?