புதுப்பிப்பு: மழைக்கால கார் ஷெட்டில் மரவேலை

மழையில் ஷெட்டில் அடித்த வார்னிஷ் காயவே மாட்டேன் என்கிறது, சூடாக்க என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. சென்னையில் குளிரைவிட ஈரப்பதம்தான் தொல்லை. 2000 வாட் ஹீட்டர் வைத்தேன். கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்காது, சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருக வேண்டும். வார்னிஷில் கலக்கும் தின்னரின் ஆவி தீப்பிடிக்கும். அதனால் பலகையை முதலில் சூடாக்கி, ஹீட்டரை அணைத்து, கதவைத் திறந்த பிறகே டப்பாவைத் திறக்கிறேன். வார்னிஷ் அடித்த ஸ்டூல் காலைத் தொட்டால் இப்போது விரல் ஒட்டவில்லை.

கரி அடுப்பு வைக்கச் சொன்ன அண்ணா, தயவுசெய்து நீங்களும் வைக்காதீர்கள். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமோ நிறமோ கிடையாது, தெரிவதற்குள் மயக்கம் வந்துவிடும். அப்புறம், ஹீட்டரைச் சுற்றி ஒரு மீட்டருக்கு மரத்தூள் இல்லாமல் பெருக்கிவிடுங்கள்.