புதுப்பிப்பு: காட்பாடி கடையின் காபி இயந்திரம் மீண்டும் ஓடுகிறது

குழாயோடு நேரடியாக இணைத்த காபி இயந்திரம் தண்ணீரை மெதுவாக இழுக்கிறது, பாய்லர் நிரம்பிய பிறகும் நீர் ஏறி வழிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இரண்டுக்கும் காரணம் உப்புப் படிவுதான். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

மின் இணைப்பைத் துண்டித்து, தண்ணீர்க் குழாயை அடைத்து, நன்றாக ஆறவிட்டுப் பிரித்தோம். உள்ளே நீர் வரும் வால்வின் சிறு வலை வெள்ளைத் துகளால் அடைபட்டிருந்தது. நீர்மட்டம் உணரும் கம்பி முழுக்கச் சுண்ணாம்பு ஓடு. நகத்தால் சுரண்டியதும் செதில் செதிலாக உதிர்ந்தது. ஓடு மூடிய கம்பிக்கு நீர் தொட்டது தெரியாது, அதனால்தான் இயந்திரம் நிரப்பிக்கொண்டே போனது.

படிவைக் கரைக்க, பாய்லருக்கு லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம், வெதுவெதுப்பான நீரில். கொதிக்கவிடாதீர்கள், சுண்ணாம்பும் அமிலமும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட் சூட்டில் சரியாகக் கரையாமல் உள்ளேயே தங்கிவிடும். நுரை அடங்கியதும் வடித்து, புளிப்பு அறவே போகும்வரை அலசினோம். வினிகரை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், அதன் வாடை காபியில் ஏறிவிடும்.

எங்கள் போர்வெல் நீரைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, குடத்தின் அடியிலேயே வெள்ளை படியும். கார்பன் வடிகட்டி நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்த சுண்ணாம்பை, குறைக்காது. அதைக் குறைக்கும் மென்னீர்க் கருவி பொருத்தச் சொல்லிவிட்டேன்.